அருவருப்பும் இரக்கமும்: நாய் இறைச்சியை ஆசியா எதிர்கொண்ட விதம்



உணவும் பண்பாடும் என்ற பொதுப்பொருளில் ஏதேனும் ஒன்றைப் பேசலாம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சங்க காலத்துச் சோறு, சிறுதானியம், செட்டிநாட்டுச் சமையல் என்று எதைப் பேசியிருந்தாலும் இந்த அவை மகிழ்ந்திருக்கும். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு வயிற்றைப் புரட்டக்கூடும். அந்தப் புரட்டலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2024 ஜனவரி 9 அன்று தென்கொரிய நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இறைச்சிக்காக நாயை வளர்ப்பதும், கொல்வதும், விற்பதும் இனிக் குற்றம். ஆதரவாக 208 வாக்குகள். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. இருவர் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எலியும் பூனையுமாக இருந்த காலம் அது. அப்படிப்பட்ட அவையில், பல நூற்றாண்டு பழைய ஓர் உணவுப் பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

அதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பு நம் நாட்டிலேயே நாகாலாந்து அரசு நாய் இறைச்சி விற்பனைக்குத் தடை விதித்தது. 2023 ஜூன் மாதம் கௌகாத்தி உயர் நீதிமன்றத்தின் கோகிமா அமர்வு அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. அங்கே நின்ற தடை இங்கே ஏன் நிற்கவில்லை என்று எனக்குள் நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. எனக்குக் கிடைத்த விடையைச் சொல்லிவிடுகிறேன். நாய் தின்பவரைக் கண்டு முகம் சுளிப்பது ஒன்று. கூண்டில் கிடக்கும் நாய்க்காக மனம் பதைப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பக்கம் நிற்பதாகத் தோன்றும். நடைமுறையில் முன்னது பின்னதன் வழியைப் பலமுறை மறித்திருக்கிறது.

முதலில் நம் வீட்டுக் கதை. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், ஆபத்துக் காலத்து அறங்களைப் பீஷ்மர் சொல்லும் பகுதியில், விசுவாமித்திரர் கதை வருகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். முனிவர் பசியால் விழுந்து கிடக்கிறார். எதிரே ஒரு சண்டாளனின் குடிசை; அங்கே ஒரு நாயின் தொடை. இரவில் திருடப் போகிறார், பிடிபடுகிறார். பிறகு நடப்பது நீண்ட விவாதம். அந்த விவாதத்தில் சாத்திரம் பேசுவது சண்டாளன். உண்ணத் தகாததை உண்டு தவத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர் என்று அவன் கெஞ்சுகிறான். உயிர் இருந்தால்தானே அறம் என்கிறார் முனிவர். எடுத்துப் போகிறார், சமைக்கிறார், தேவர்களுக்குப் படைக்கிறார், மழை பொழிகிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயமும் இதே நிகழ்ச்சியைச் சுட்டி, விசுவாமித்திரருக்குப் பாவம் ஒட்டவில்லை என்கிறது. அதே அத்தியாயம்தான் சண்டாளரையும் நாய் சமைப்போரையும் ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்கிறது. நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்கிறது. முனிவர் தின்றால் ஆபத்துக் கால அறம். எளியவன் தின்றால் அவனுக்கு ஊருக்குள் இடமில்லை. இந்தக் கணக்கில் நாயின் வலிக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாய் தின்பவன் என்ற வசை, நாயைக் காப்பதற்காகப் பிறந்ததன்று. ஒரு மனிதனைக் கீழே வைப்பதற்காகப் பிறந்தது.

இப்போது கொரியாவுக்குப் போவோம். அங்கே கோடையில் 'சம்போக்' என்று மூன்று நாட்கள் உண்டு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, வெயில் உச்சத்தில் இருக்கும் காலத்தில், இடைவெளி விட்டு வரும் நாட்கள். வியர்வையில் இழந்த தெம்பைச் சூடான உணவால் மீட்க வேண்டும் என்பது அந்த ஊர் வைத்திய நம்பிக்கை. வெங்காயத் தாளோடு நாய் இறைச்சியைக் கொதிக்கவைத்து இந்நாட்களில் உண்பதை, ஹோங் சோக்-மோ 1849-இல் எழுதிய 'டோங்குக் செசிகி' என்ற பருவ வழக்கங்களின் நூல் பதிவு செய்திருக்கிறது. ஏர் உழ மாடு தேவை என்பதால் கொரியாவை ஆண்ட ஜோசியோன் மரபின் அரசர்கள் மாட்டை வெட்டுவதற்குத் தடை போட்ட காலங்கள் பல. உழவன் கைக்கு எட்டிய இறைச்சி நாயும் கோழியும்தான்.

இதை ஏழையின் பசி உணவு என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. கொரியாவின் பெரும் சிந்தனையாளர்களில் ஒருவரான ஜோங் யாக்-யோங் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டனையாகத் தொலைவூருக்கு அனுப்பப்பட்டு வாழ்ந்தவர். அவர் அண்ணன் ஜோங் யாக்-ஜோன் ஹுக்சான் தீவுக்குத் தனியே அனுப்பப்பட்டிருந்தார். இறைச்சி கிடைக்காமல் உடல் தளர்கிறது என்று அண்ணன் எழுத, தீவில் திரியும் நாய்களைப் பொறி வைத்துப் பிடித்து உண்ணும்படி தம்பி பதில் எழுதுகிறார். சமைக்கும் முறையையும் சொல்கிறார். அது இன்னோர் அறிஞரான பாக் ஜே-காவிடம் கற்றது. அந்தக் கடிதத்தில் உள்ளது அண்ணன்மேல் தம்பி வைத்த அன்பு. இதை அறியாமல் கொரியர்களை வெறும் கொடூரர்களாகப் பேசியவர்கள், தாங்கள் யாரோடு பேசுகிறோம் என்பதையே அறியாமல் பேசினார்கள்.

அப்படிப் பேசியவர்கள் நிறைய. 1988 ஒலிம்பிக்ஸ் சியோலுக்கு வந்தது. மேற்கு நாடுகளின் கண் நகரத்தின்மீது விழுமுன், 1984-இலேயே மாநகர நிர்வாகம் 'போசின்தாங்' என்னும் நாய்க்கறிக் குழம்பை அருவருப்பூட்டும் உணவு என்று வகைப்படுத்தி முக்கியச் சாலைகளிலிருந்து விரட்டியது. கடைகள் சந்துகளுக்குள் போயின. பலகையில் பெயரை மாற்றிக்கொண்டன. சத்துக் குழம்பு, நான்கு பருவக் குழம்பு என்று எழுதினார்கள். போட்டிகள் முடிந்தன. விருந்தினர் திரும்பினர். சந்துக்குள் வியாபாரம் தொடர்ந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் நாய்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடு இங்கேதான் நேர்ந்தது. கொரியாவின் கால்நடைச் சட்டப்படி நாய் ஒரு கால்நடை, ஆகவே அதை வளர்க்க அப்போது தடை இருக்கவில்லை. அறுப்பையும் இறைச்சித் தூய்மையையும் முறைப்படுத்தும் சட்டத்தில் 1970-களில் சிறிது காலம் நாய் இடம்பெற்றிருந்தது, பிறகு நீக்கப்பட்டது. சேர்த்துக்கொண்டால், நாங்கள் நாய் தின்கிறோம் என்று உலகத்தின்முன் அரசே கையெழுத்திட்டது போலாகும். அடியோடு தடை செய்தால் உள்ளூரில் எதிர்ப்பு. இரண்டையும் செய்யாமல் நாற்பது ஆண்டுகள் கடத்தினார்கள். விளைவாக, ஒரு பன்றி எப்படிக் கொல்லப்பட வேண்டும், எந்த மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. நாய்க்கு எந்த விதியும் இல்லை. தரையைத் தொடாத கம்பிக்கூண்டுகளில், கால் கம்பியிடுக்கில் சிக்க, உணவகங்களின் கழிவுச் சோற்றைத் தின்று லட்சக்கணக்கான நாய்கள் வளர்ந்தன. மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதே பெருவழக்கமானது. ஆசியாவில் பிற இடங்களில் தெருநாயையும் திருடிய நாயையும்தான் பெரும்பாலும் விற்றார்கள். நாய்க்கென்று பெரும் பண்ணைகள் எழுந்தது கொரியாவில்தான். அரசு வெட்கப்பட்டது. வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டது. மூடிய கண்ணுக்குப் பின்னால் கூண்டுகள் பெருகின.

வெளியிலிருந்து வந்த ஏளனம் இதை மாற்றவில்லை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி, பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ கொரியாவுக்கு எதிராகக் கடுமையாகப் பிரசாரம் செய்தார். 2001 இறுதியில் ஒரு கொரிய வானொலி அவரைத் தொலைபேசியில் பேட்டி கண்டது. பேட்டியாளர் சோன் சோக்-ஹி கேள்விகளை அடுக்க, பார்தோ கொரியர்களைப் பழித்துவிட்டுப் பேச்சைப் பாதியில் துண்டித்தார். கேட்டுக்கொண்டிருந்த கொரியர்களில் நாய் இறைச்சியைத் தொடாதவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழம்பை எதிர்ப்பது, நாட்டைப் பழிப்பவர்களோடு சேர்ந்துகொள்வது போல ஆகிவிட்டது. உள்ளூரில் விலங்குகளுக்காக உழைத்துக்கொண்டிருந்தவர்களின் பாரம் கூடியது.

மாற்றம் அந்த உள்ளூர்க்காரர்களிடமிருந்துதான் வந்தது. திரைப்பட இயக்குநர் யிம் சூன்-ரே போன்றவர்கள் தலைமை ஏற்ற விலங்குநல அமைப்புகள் பண்ணைகளைப் படம் எடுத்தன, வழக்குப் போட்டன, கிடைத்த நாய்களை மீட்டு வீடு தேடிக் கொடுத்தன. அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்ப்பது பெருகி, ஏறக்குறைய நான்கு குடும்பங்களில் ஒன்றில் வளர்ப்புப் பிராணி என்ற நிலை வந்தது. தாத்தா குடித்த குழம்பைப் பேரன் குடிக்கவில்லை; அவனைத் தடுத்தது எந்தச் சட்டமும் இல்லை, அவனுக்கே பிடிக்கவில்லை. கொரிய கேலப் நிறுவனத்தின் கணிப்பில், முந்தைய ஓராண்டில் நாய் இறைச்சி உண்டதாகச் சொன்னவர்கள் 2015-இல் 27 சதவீதம். 2022-இல் 8 சதவீதம். சந்தைகள் ஒவ்வொன்றாக மாறின. சியோலை அடுத்த சோங்னாமில் பெயர்பெற்ற மொரான் சந்தையின் அறுப்பிடங்கள் நகராட்சியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அகன்றன. பூசான் நகரின் கூபோ சந்தையில் நாய்க்கடைகள் 2019 ஜூலையில் மூடப்பட்டன. அதிபர் மூன் ஜே-இன், மீட்கப்பட்ட 'டோரி' என்ற கறுப்பு நாயை மாளிகைக்குக் கொண்டுவந்தார். 2021-இல் தடை பற்றி யோசிக்கும் காலம் வந்துவிட்டது என்றார். அடுத்து வந்த எதிர்த்தரப்பு அதிபரின் மனைவி கிம் கியோன்-ஹி அதை இன்னும் உரக்கச் சொன்னார். 208 வாக்குகளின் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

சட்டத்தின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். இறைச்சிக்காகக் கொல்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வோன் வரை அபராதம். வளர்ப்பவருக்கும் விற்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை அல்லது 2 கோடி வோன் வரை. உண்பவருக்குத் தண்டனை இல்லை. தொழிலை விட்டு வெளியேற மூன்று ஆண்டு அவகாசம். தண்டனைகள் 2027 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வருகின்றன. பண்ணையாளர் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறாரோ அவ்வளவு கூடுதலாக, ஒரு நாய்க்கு 2,25,000 முதல் 6,00,000 வோன் வரை இழப்பீடு. பண்ணையாளர் கையில் காசு கொடுத்து, மாற்றுத் தொழிலுக்கு வழிகாட்டி, பிறகு கதவை மூடச் சொல்லும் சட்டம் இது. ஆனாலும் குறை உண்டு. 2024-இல் அரசு கணக்கெடுத்தபோது பண்ணைகளில் ஏறக்குறைய 4.66 லட்சம் நாய்கள் இருந்தன. அவற்றில் பல 'டோசா' போன்ற பெரிய இனங்கள், அவற்றின் கலப்பினங்கள். டோசாவை வளர்க்கத் தனி அனுமதி வேண்டும் என்று அதே நாட்டின் இன்னொரு சட்டம் சொல்கிறது. சிறிய அடுக்குமாடி வீட்டில் அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? பண்ணையாளர்களுக்குப் பணம் ஒதுக்கிய அரசு, இந்த நாய்கள் தங்கி வாழ வேண்டிய காப்பகங்களுக்கு அதே அக்கறையோடு ஒதுக்கியிருக்க வேண்டும். இரக்கத்தின் பெயரால் வந்த சட்டம் கடைசித் தலைமுறை நாய்களைக் கைவிடுமானால், அது பாதிச் சட்டம்தான்.

நாகாலாந்துக்கு வருகிறேன். 2020 ஜூன் இறுதியில் ஒரு புகைப்படம் பரவியது. வாய் கட்டப்பட்ட நாய்கள், கழுத்தளவு கோணிச்சாக்குக்குள் திணித்துச் சாக்கு தைக்கப்பட்டு, சந்தைத் தரையில் வரிசையாகக் கிடந்தன. பார்த்தவர் யாரும் மறக்க முடியாத படம். கொரோனா ஊரடங்குக் காலம். வீட்டில் அடைந்திருந்த நாடு முழுவதும் அதைப் பார்த்தது. தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் மின்னஞ்சல்கள் குவிந்தன. ஜூலை தொடங்கி நான்கு நாட்களுக்குள் அமைச்சரவை முடிவெடுத்து, தலைமைச் செயலர் கையெழுத்தில் ஆணை வந்துவிட்டது. கொரியாவுக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்த முடிவு இங்கே ஒரு வாரத்தில்.

கோகிமா நகராட்சியிடம் உரிமம் பெற்று விற்றுவந்த வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். 2020 நவம்பரில் ஆணைக்கு இடைக்காலத் தடை. 2023 ஜூன் 2 அன்று நீதிபதி மார்லி வான்குங் ஆணையை ரத்து செய்தார். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படித் தடை விதிக்கும் அதிகாரம் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு உரியது. தலைமைச் செயலருக்கு இல்லை. இறைச்சிக்குரிய விலங்குகளின் பட்டியலில் நாய் இல்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நாட்டின் மற்ற பகுதிகளில் நாய் உண்ணும் எண்ணமே இல்லாததால் பட்டியல் போட்டவர்களுக்கு அது தோன்றாமல் போனதில் வியப்பில்லை என்றது நீதிமன்றம். நாகர்களிடையே இன்றும் ஏற்கப்பட்ட உணவு அது, வியாபாரிகள் அதைக்கொண்டு பிழைக்கிறார்கள் என்றும் சொன்னது. நாயை நேசிக்கும் பலருக்கு அந்தத் தீர்ப்பு கசந்தது. என் கருத்தில் தீர்ப்பு சரி. மக்களிடம் பேசாமல், சட்டமன்றத்தில் விவாதிக்காமல், வியாபாரிக்கு மாற்று வழி சொல்லாமல், வெளியூர்க் கூச்சலுக்குப் பயந்து போட்ட ஆணை அது. அது நின்றிருந்தாலும் வியாபாரம் சந்துக்குள் போயிருக்கும். சந்துக்குள் போனால் நாய்க்கு என்ன ஆகும் என்பதைச் சியோல் நமக்குக் காட்டியிருக்கிறது. அதே வடகிழக்கில் உள்ள மிசோரமைப் பாருங்கள். அதே 2020 மார்ச்சில் அவர்களுடைய சட்டமன்றமே விலங்கு அறுப்புச் சட்டத்தைத் திருத்தி, அறுக்கத்தக்க விலங்குகளின் வரையறையிலிருந்து நாயை நீக்கியது. தங்கள் அவையில், தாங்களே பேசி எடுத்த முடிவு.

கோகிமாவில் எல்லாரும் நாய் தின்பதுமில்லை. நாய் வளர்க்கும் நாகர்கள், அதை உண்ண மறுக்கும் இளைஞர்கள், சந்தையிலிருந்து நாய்களை மீட்கும் நாகப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குரல் வளர வேண்டுமானால் நாம் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் படிக்கும், உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் வேலை பார்க்கும் வடகிழக்கு இளைஞர்களிடம் அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் கேட்கப்படும் கேள்வி உங்களுக்குத் தெரியும். 'நீங்க நாய் சாப்பிடுவீங்களாமே?' கேட்பவர் மறந்துவிடுகிறார். அந்தப் பிள்ளை மறப்பதில்லை. இப்படி வேடிக்கை பார்ப்பது புதிதும் அல்ல. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில், பிலிப்பைன்ஸ் மலைவாழ் இகோரோத் மக்களைக் கொண்டுவந்து ஒரு கிராமம்போல அமைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். ஊரில் சடங்கின்போது மட்டும் நடக்கும் நாய்ப் பலியை அங்கே கூட்டத்துக்காகத் திரும்பத் திரும்ப நடத்தவைத்தார்கள். சீட்டு வாங்கிப் பார்த்தவர்கள், இவர்களை ஆள்வது நம் கடமை என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினார்கள்.

நாமும் அந்தக் கூட்டத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, ஆகவே நாய்க்கறி என்று செய்தி பரவியது. சோதனை முடிவு வருமுன்பே பிரியாணிக் கடைக்காரர்கள்மீது தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு அது ஆட்டிறைச்சி என்று சொன்னது. ராஜஸ்தான் ஆட்டுக்கு வால் நீளம். முடிவு வந்த செய்தி, வதந்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. தரமற்ற முறையில், குளிர்ச்சியின்றி இறைச்சி இத்தனை தூரம் வருவது சரியா என்ற உண்மையான கேள்வி அந்த இரைச்சலில் காணாமல் போனது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாங்காங் 1950-இலேயே தடை செய்தது. தைவான் 1998-இல் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, படிப்படியாக இறுக்கி, 2017-இல் உண்பதையும் குற்றமாக்கியது. சீனாவில் ஷென்சென் நகரம் 2020 மே முதல் தடை செய்தது. அதே ஆண்டு வேளாண் அமைச்சகம் கால்நடைப் பட்டியலில் நாயைச் சேர்க்காமல் விட்டது. இந்தோனேசியாவில் தொமோஹோன் சந்தை 2023-இல் நாய், பூனை இறைச்சி விற்பனையை நிறுத்தியது. வட வியட்நாமில் சந்திர மாதக் கடைசியில் நாய் இறைச்சி உண்டால் பீடை கழியும் என்ற நம்பிக்கை இன்னும் உண்டு. அங்கே சந்தைக்காக வீட்டு நாய்களைத் திருடுவோரை ஊர்மக்கள் அடித்தே கொன்ற நிகழ்ச்சிகள் பல. ஹனோய் நகர நிர்வாகம் 2018-இல் மக்களை இப்பழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டது. சொன்ன காரணங்களில் ஒன்று ரேபிஸ். நோயுள்ள நாயை ஏற்றுவதும் அறுப்பதும் ரேபிஸை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும். இது யாருடைய பண்பாட்டையும் பழிக்காத, யாருக்கும் புரியும் காரணம்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்கக் காத்திருப்பீர்கள். கோழியையும் பன்றியையும் கூண்டில் அடைத்துத் தின்பவர்கள் நாய்க்காக மட்டும் அழலாமா? கொரியப் பண்ணையாளர்களும் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பதில், ஒரு கூண்டைத் திறக்க மற்ற எல்லாக் கூண்டுகளும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, மனிதன் முகம் பார்த்து நடக்கப் பழகிய பிராணியை மனிதன் கையாலேயே சாக்கில் தைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதைக் காரணமாக வைத்து ஒரு நாக வியாபாரியை என்னிலும் தாழ்ந்தவராக எண்ணும் உரிமை எனக்கு இல்லை.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நம் நாடு முழுவதற்கும் இருக்கிறது. அதன்கீழ் 1978-இல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகள், நாய்களை வண்டியில் கொண்டுசெல்ல என்னென்ன வேண்டும் என்று விரிவாகச் சொல்கின்றன. அசாமில் தெருவில் பிடித்த நாயை வாய் கட்டிச் சாக்கில் தைத்து நாகாலாந்து மலைக்கு ஏற்றுவது, தின்னும் பழக்கம் பற்றிய எந்த விவாதமும் இல்லாமலே, இன்றே சட்டப்படி குற்றம். இதற்குப் புதிய தடை தேவையில்லை. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் தன் கடமையைச் செய்தால் போதும். இந்த அவையில் சட்டம் படிப்பவர்களும் கால்நடை மருத்துவம் படிப்பவர்களும் இருக்கிறீர்கள். அந்த விதிகளை நடைமுறைப்படுத்துமாறு அசாம், நாகாலாந்து அரசுகளுக்கும் விலங்குநல வாரியத்துக்கும் எழுதுங்கள். எழுதுமுன், உங்கள் விடுதியில் தங்கியிருக்கும் நாகாலாந்து மாணவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் ஊரில் இதற்காக ஏற்கெனவே பாடுபடுபவர்கள் யார் என்று கேட்டறிந்து, அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள்.